ஸ்கூட்டரில் ஹேவ்லாக், நீல்: அந்தமானுக்கு இருவராகப் போகிறவர்களுக்கு

ஹேவ்லாக், நீல் இரண்டு தீவுகளையும் ஸ்கூட்டரில் சுற்றுவதுதான் சரி என்பேன். டாக்சியில் போனால் ஒவ்வொரு கடற்கரைக்கும் இவ்வளவு நேரம் என்று கணக்கு இருக்கும். பிடித்த இடத்தில் இன்னும் அரை மணி உட்கார முடியாது, வழியில் ஒரு பாக்குத் தோப்பைப் பார்த்து நிறுத்தச் சொல்லவும் தயக்கமாக இருக்கும். கல்யாணமான புதிதில் போகிறவர்களானாலும் சரி, பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் பல வருஷம் கழித்து இருவர் மட்டும் கிளம்புகிறவர்களானாலும் சரி, நேரம் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுவார்கள். ஸ்கூட்டர் அதைக் கொடுக்கும். இரண்டும் சிறிய தீவுகள், சாலைகள் குறைவு, வழி தவறிப்போக இடமே இல்லை. ஆனாலும் ஊரில் ஓட்டுவதற்கும் அங்கே ஓட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்காக, டிக்கெட் எடுப்பதிலிருந்து சாவியைத் திருப்பிக் கொடுப்பது வரை சொல்கிறேன்.

எந்த மாதம், எத்தனை நாள்

அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே, மே மாதம் மூன்றாவது வாரவாக்கில் அங்கே வந்துவிடும். வடகிழக்குப் பருவக்காற்றின் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டு வரும். இரு சக்கர வண்டியில் சுற்ற நினைப்பவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். அதிலும் பிப்ரவரி, மார்ச்சில் கடல் அமைதியாக இருக்கும். படகுப் பயணத்தில் குமட்டல் வருகிறவர்களுக்கு இந்த மாதங்கள்தான் உகந்தவை.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுப் படகில் இன்னும் கொஞ்சம் கூடுதல். டிக்கெட் எடுக்கும்போது பெயர்களைக் கண்டு குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் பழைய பெயர்களே இன்னும் புழங்குவதால் இங்கே அவற்றையே எழுதுகிறேன்.

ஆறு இரவுகள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்று ஹேவ்லாக், பிறகு ஒன்று நீல், கடைசி இரவு மறுபடியும் போர்ட் பிளேர். அந்தக் கடைசி இரவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால் ஹேவ்லாக்கில் முதல் இரண்டு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். கடலடியிலிருந்து வந்த 24 மணி நேரத்துக்குள் விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. பொங்கல், அரையாண்டு விடுமுறை என்றால் விமானத்தோடு படகு டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அறை கடைசி நேரத்தில்கூடக் கிடைக்கும், படகில் இடம் கிடைக்காது.

ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் போதும். எல்.எல்.ஆர். செல்லாது. இருவரிடமும் லைசென்ஸ் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரே நாள் முழுக்க ஓட்டி, மற்றவர் நாள் முழுக்க முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மாறி மாறி ஓட்டுவது நல்லது. இருவருக்கும் சாலை தெரியும், இருவருக்கும் கடல் தெரியும். வண்டி ஓட்டி ரொம்ப நாளானவர்கள் கிளம்புவதற்கு முன் நாலைந்து நாள் பின்னால் ஆளை வைத்து ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். தனியாக ஓட்டும்போது இருக்கும் வண்டி வேறு, இரண்டு பேர் எடையோடு வளைவில் திரும்பும் வண்டி வேறு.

பெட்டியில் இடம் இருந்தால் ஹெல்மெட்டை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். வாடகைக்குக் கொடுப்பவர்கள் ஓட்டுகிறவருக்கு ஒன்று சுமாராகக் கொடுப்பார்கள். பின்னால் இருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பட்டை தளர்ந்து தலையில் ஆடுகிற ஒன்றாக இருக்கும். ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம்தான். பெரிய அடி என்றால் கடல் தாண்டிப் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தலைக்கு நல்ல ஹெல்மெட் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முழுக்கைப் பருத்திச் சட்டை ஆளுக்கு இரண்டு, மெல்லிய மழைக்கோட்டு, காலை இறுக்கிப் பிடிக்கும் செருப்பு, போனுக்குத் தண்ணீர் புகாத உறை, சின்ன டார்ச் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வெயிலில் ஓட்டும்போது முதலில் கருகுவது புறங்கையும் தொடையும்தான், முகம் அல்ல. சென்னையிலிருந்து போட்ட கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு இணையம் முன்னைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் காட்டுப் பாதையில் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமும் வேண்டும்.

வண்டியை எடுக்கும்போது

போர்ட் பிளேரில் எடுத்த வண்டியோடு தீவு தீவாகப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தீவிலும் தனித்தனியாக எடுப்பதுதான் வழக்கம். ஜெட்டிக்கு, அதாவது படகுத் துறைக்கு, வெளியிலேயே வாடகைக்காரர்கள் நிற்பார்கள். தங்கும் இடத்தில் சொன்னாலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாள் வாடகை பொதுவாக 500 முதல் 700 ரூபாய், கூட்டம் அதிகமான நாட்களில் கூடும். படகிலிருந்து இறங்கிய கையோடு பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஓட்டுவதைத் தவிருங்கள். ஆட்டோவில் அறைக்குப் போய், குளித்து, சாப்பிட்டுவிட்டு வண்டியை வரவழையுங்கள். களைப்பும் சுமையும் புது வண்டியும் ஒரே நேரத்தில் சேர வேண்டாம்.

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். முறையாக வாடகைக்குப் பதிவான வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்கு ஆதாரின் நகலைக் கொடுங்கள். அசலைக் கேட்டால் மறுத்துவிடுங்கள், படகு ஏறும்போது அது உங்களுக்கே வேண்டும்.

அப்புறம் வண்டி. 110 சி.சி., 125 சி.சி. இரண்டும் இருந்தால் 125-ஐ எடுங்கள். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்குப் போகும் வழி ஏற்றமும் இறக்கமும்தான். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். டயரில் பட்டன் தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். ஹெட்லைட்டை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் போட்டுப் பாருங்கள். பகலில் எடுக்கும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் அங்கே இதைவிட முக்கியமான ஒன்று இல்லை. சைடு ஸ்டாண்டு, கண்ணாடி, ஹாரன், பின் இருக்கையின் கால்மிதி எல்லாவற்றையும் சரிபாருங்கள். பிறகு வண்டியைச் சுற்றி நடந்து ஒரு வீடியோ எடுங்கள், ஒவ்வொரு கீறலும் தெரிகிற மாதிரி, உரிமையாளர் முன்னாலேயே. நல்ல ஆட்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதற்றம் வேண்டாம். ஹேவ்லாக்கின் இரண்டு கோடிக்கும் போய்த் திரும்பினாலே மொத்தம் 50 கி.மீ.தான். ஒன்றரை லிட்டர் இருந்தால் ஒரு நாளைக்குத் தாராளம்.

பின்னால் உட்கார்பவருக்கு

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வழிகாட்டிகள் எல்லாம் ஓட்டுகிறவரோடு மட்டும் பேசுகின்றன. ஆனால் பின்னால் இருப்பவருக்கு வசதி இல்லை என்றால் அந்த நாளே கெட்டுவிடும்.

முதலில் உடை. துப்பட்டா, புடவை முந்தானை, பறக்கிற நீளப் பாவாடை எதுவும் வேண்டாம். வாடகை வண்டிகளில் புடவை சிக்காமல் தடுக்கும் கம்பி இருக்கும் என்று நம்ப முடியாது, துணி பின் சக்கரத்தில் சிக்கினால் விளைவு பயங்கரம். துப்பட்டா போட்டே ஆக வேண்டுமென்றால் இடுப்பில் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கமாகவே இருக்கட்டும். சைலென்சர் வலது பக்கம். அரைக்கால் சட்டையோடு அந்தப் பக்கம் இறங்கினால் கெண்டைக்காலில் சூடு வாங்குவது உறுதி. கடல் பயணத்தில் தீக்காயம் பெரிய தொல்லை, ஆறும்வரை உப்புத் தண்ணீரில் கால் வைக்க முடியாது. ஒருபக்கமாக உட்காராதீர்கள், இருபக்கமும் கால் போட்டே உட்காருங்கள். ஏற்றத்தில் ஒருபக்கமாக உட்கார்ந்தவர் சறுக்குவார், வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும்.

முதுகுப்பையைப் பின்னால் இருப்பவர் மாட்டிக்கொள்வது வழக்கம். சமதளத்தில் பரவாயில்லை. ஏற்றத்தில் அது ஆளையே பின்னுக்கு இழுக்கும். பையை ஓட்டுகிறவரின் காலடியில் வைத்துக் கொக்கியில் மாட்டுங்கள், ஈரத் துணியும் துண்டும் சீட்டுக்கு அடியில் போகட்டும். வளைவில் ஓட்டுகிறவர் சாய்கிற அளவுக்கே நீங்களும் சாயுங்கள், எதிர்ப்பக்கம் சாய வேண்டாம். வழி பார்ப்பது, நேரம் பார்ப்பது, போனை எடுப்பது எல்லாம் பின்னால் இருப்பவர் வேலை. ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்க்கட்டும்.

இன்னொன்று: வேகம் பயமாக இருந்தால் தோளில் இரண்டு தட்டு தட்டுவது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் பேச்சு கேட்காது. தட்டினால் குறைக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. பல தம்பதிகளின் விடுமுறைச் சண்டை இந்த ஒன்றிலேயே அடங்கிவிடும்.

நாளை விடியலில் தொடங்குங்கள்

அந்தமானிலும் இந்திய நேரம்தான் என்றாலும், அது சென்னைக்கு வெகு கிழக்கே இருப்பதால் சூரியன் அங்கே சுமார் 50 நிமிடம் முன்னதாகவே மறைகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் இறங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் ஐந்தரை ஆகும். அதற்குப் பிறகு வெளிச்சம் இருபது நிமிடம் தாங்கும், பிறகு கும்மிருட்டு. ஊர்ப் பழக்கத்தில் ஒன்பது மணிக்கு எழுந்து, பத்தரைக்குக் கிளம்பி, இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் நல்ல நேரமெல்லாம் அறையிலேயே கழிந்திருக்கும்.

நான் சொல்கிற முறை இது. ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தரைக்கு வண்டியை எடுங்கள். பத்து மணி வரை கடற்கரை. பதினொன்று முதல் இரண்டரை வரை நிழல், சாப்பாடு, தூக்கம். பிறகு ஒரு மாலைச் சவாரி. வெயில் உச்சியில் இருக்கும்போது ஸ்கூட்டரில் இருக்காதீர்கள். அந்தத் தார்ச்சாலையின் அனல் இருவரையும் எரிச்சல்படுத்தும்.

ஹேவ்லாக்: ஒரு சாலை, இரண்டு கிளை

ஜெட்டியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் வந்தால் 3-ஆம் எண் பஜார். கடைகள், ஏ.டி.எம்., சாப்பாடு, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் இங்கேதான். இங்கே சாலை பிரிகிறது. வலது பக்கம் மேற்கே மலையேறி ராதாநகர் போகும். இடது பக்கம் கிழக்குக் கரையை ஒட்டி விஜயநகர் வழியாகக் காலாபத்தர் போகும். ஜெட்டியிலிருந்து இரண்டுக்குமே பத்துப் பன்னிரண்டு கி.மீ. தீவின் வரைபடம் இவ்வளவுதான்.

முதல் நாள் மாலை கிழக்குச் சாலையில் மட்டும் ஓட்டுங்கள். பெரும்பாலும் சமதளம். வண்டியின் பிரேக் எப்படிப் பிடிக்கிறது, பின்னால் ஆளோடு எப்படித் திரும்புகிறது என்று இங்கே பழகிவிடும். காலாபத்தருக்கு மறுநாள் விடியலில் போங்கள். கிழக்கே பார்த்த கரை, கறுப்புப் பாறைகளுக்கு அப்பால் சூரியன் எழும். பார்க்க அழகு, குளிக்கப் பாறைகள் தொந்தரவு.

ராதாநகருக்கு எல்லாரும் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போகிறார்கள். 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம் இது, அந்தப் பெயரால் மாலையில் டாக்சிகள் வரிசை கட்டும். நான் சொல்வேன், காலை ஆறரைக்குப் போங்கள். வெள்ளை மணல், பின்னால் நெட்டையான மஹுவா மரங்களின் நிழல், ஆள் நடமாட்டம் குறைவு. இருவராகப் போகிறவர்களுக்கு அந்தக் கடற்கரையின் உண்மையான நேரம் அதுதான். குளிக்கக் காவலர்கள் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். வடக்கே உள்ள நீல்ஸ் கோவ் குடா குளம்போல் அமைதியாகத் தெரியும். அங்கே தண்ணீரில் இறங்கவே வேண்டாம். அந்தப் பகுதியில் 2010-இல் உவர்நீர் முதலை தாக்கி ஓர் அமெரிக்கப் பயணி இறந்தார். எந்தத் தீவிலும் ஓடை கடலில் கலக்கும் இடத்துக்கும் சதுப்புக் காட்டு ஓரத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அஸ்தமனமும் பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. திரும்பும் வழியைப் பற்றி மட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். காட்டு வழி, வளைவுகள், பெரும்பகுதியில் தெருவிளக்கு இல்லை, சாலையில் மாடும் நாயும் படுத்திருக்கும், எதிரே வருகிற டாக்சியின் வெளிச்சம் கண்ணைக் கூசும். சூரியன் மறைந்ததும் எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பும். அந்த நெரிசலில் கலக்காமல் கடற்கரை வாசல் கடைகளில் டீ குடித்துவிட்டு, அரை மணி கழித்து 25 கி.மீ. வேகத்தில் நிதானமாக வாருங்கள். இருட்டில் ஓட்டத் தயக்கம் இருந்தால் அன்று மாலைக்கு மட்டும் ஆட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இறக்கங்களில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு உருள விடாதீர்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விலகிவிடும், எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. இரண்டு பேர் எடையோடு வேகம் கூடிக்கொண்டே போகும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் மெல்ல மெல்லப் பிடித்து இறங்குங்கள். கடற்கரையை நெருங்கும்போது தார்மேல் மணல் பரவியிருக்கும். அங்கே வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டு மணலில் புதையாமல் அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள். தென்னை மரத்தடியில் நிறுத்தவே வேண்டாம். சாவியோடு கடலில் இறங்காதீர்கள். சீட்டுக்கு அடியில் வைத்து அப்படியே பூட்டியும் விடாதீர்கள். கயிற்றில் கோத்துப் பைக்குள் ஒரே இடத்தில் வையுங்கள்.

எலிஃபண்ட் பீச்சுக்கு ஸ்கூட்டர் போகாது. ஜெட்டியிலிருந்து படகு, அல்லது ராதாநகர் சாலையிலிருந்து காட்டுக்குள் வழிகாட்டியோடு நடை. நீருக்குள் பார்க்கும் முகமூடி போட்டுப் பவளத்தைப் பார்க்க நல்ல இடம், ஒரு காலை வேளையை ஒதுக்கலாம்.

நீல்: மெதுவாக ஒரு நாள்

ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்குப் படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காய்கறித் தோட்டங்களும் வயலுமாக இருக்கிற குட்டித் தீவு. 1947-க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் இரண்டு தீவுகளிலும் பெரும்பான்மை. கரைகளுக்கு ராமாயணப் பெயர்கள்: பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர், ராம்நகர். வங்காளியும் இந்தியும் பேசுவார்கள், மீன் சோறு அருமையாக இருக்கும். ஸ்கூட்டர் ஓட்டத் தயங்குகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம், ஏற்ற இறக்கம் குறைவு. ஜெட்டியிலிருந்து மறுகோடியில் இருக்கும் சீதாபூருக்கே ஐந்தாறு கி.மீ.தான்.

இங்கே நேரத்தை நிர்ணயிப்பது சூரியனைவிடக் கடல் ஏறுவதும் உள்வாங்குவதும்தான். இயற்கைப் பாறைப் பாலத்தைக் கடல் உள்வாங்கும் நேரத்தில் மட்டுமே நெருங்கிப் பார்க்க முடியும். மற்ற நேரத்தில் அங்கே போகும் வழியைத் தண்ணீர் மூடிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு முறை உள்வாங்கும், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முந்தின இரவே தங்கும் இடத்தில் நேரத்தைக் கேட்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாறைக் குட்டைகளில் உயிருள்ள பவளம் இருக்கும், மிதித்துவிடாமல் நடங்கள். விடியலுக்குச் சீதாபூர், அஸ்தமனத்துக்கு லக்ஷ்மண்பூர்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எதற்குப் போவது என்று கேட்பார்கள். கடலுக்கு ஹேவ்லாக், இருவர் சேர்ந்து சும்மா இருக்க நீல். எனக்கு நீல்தான் பிடிக்கும்.

போர்ட் பிளேரில்

இங்கே போக்குவரத்து நெரிசலும் ஒருவழிச் சாலைகளும் உண்டு, ஒரு நாள் போதும். தெற்கே 25 கி.மீ. தூரத்தில் சிடியா டாப்பு கடற்கரை வரை நல்ல சவாரி. சாத்தம் துறையில் ஸ்கூட்டரோடு வாகனப் படகில் ஏறி பாம்பூ ஃபிளாட்டில் இறங்கி மவுண்ட் ஹாரியட் மலைக்குப் போவதும் அருமை. அந்த மலைக்கு 2021 முதல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர். செல்லுலார் சிறைக்குப் போகும் முன் விடுமுறை நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கே ஜிர்காடாங்குக்கு அப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம். அவர்கள் வாழ்கிற இடத்தைச் சுற்றுலாவாக்காமல், ஸ்கூட்டர் பயணத்தை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வழி கேட்கத் தயங்க வேண்டாம்.

திருப்பிக் கொடுக்கும்போது

படகு நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே வண்டியை ஒப்படைப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். ஜெட்டியில் கடைசி நிமிடத்தில் கொடுத்தால் இல்லாத கீறலைப் பற்றிப் பேச உங்களுக்கு நேரம் இருக்காது. வண்டியை வாங்கியபோது எடுத்த வீடியோவை இருவரும் சேர்ந்து பாருங்கள், பெட்ரோல் அளவை ஒப்பிடுங்கள், அட்வான்ஸ் கொடுத்திருந்தால் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். சீட்டுக்கு அடியில் ஒருமுறை கைவிட்டுத் துழாவுங்கள். கண்ணாடியும் சார்ஜரும் அங்கேதான் தங்கிவிடும். பையில் சிப்பியோ பவளத் துண்டோ கிடந்தால் கரையிலேயே போட்டுவிடுங்கள். பவளத்தை எடுத்துப்போவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் ஸ்கேன் செய்யும்போது கேட்பார்கள்.